மூன்றாவது ஒதுங்குமிடம்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நடந்தது ரன்வாவுக்கு. ஃபாரோ தீவுகளின் வடக்கே, டவுன் மீன் ஆலையில் நானும் அவளும் ஒரே மேசையில் நின்று வேலை பார்க்கிறோம். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் அவள். சொன்னாலும் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

போன மே மாதம் காரை விற்றுவிட்டுப் பழைய பைக் ஒன்று வாங்கினாள். விவாகரத்து வழக்கு அவளைக் கரைத்துக்கொண்டிருந்தது. மகள் மார்யுனைக் கோபன்ஹேகனுக்குக் கூட்டிப்போயே தீருவேன் என்று புருஷன் ஒற்றைக் காலில் நின்றான். கையில் வேலை இருந்தால்தான் பிள்ளை உன்னிடம் இருக்கும் என்று வக்கீல் அடித்துச் சொல்லிவிட்டார்.

பைக்கை விற்றவர் படகு மெக்கானிக் ஹனுஸ். அவர் எதையும் மறைத்த மாதிரி அப்போது தெரியவில்லை.

"இன்ஜின் மாத்தினதும்மா. பழசை உப்புக்காத்து தின்னுடுச்சு."

"இது எங்க கிடைச்சுது அண்ணே?"

"கிடைச்சுது." அவர் கையைத் துணியில் துடைத்தார். "உன் புருஷன் மாதிரி பாதியில விட்டுட்டுப் போகாது. எடுத்துக்க."

ரன்வா சிரித்துவிட்டாள். இன்ஜினில் லேசாக டேப்பட் சத்தம் இருந்தது. டிக்… டிக்… டிக்டிக். கடைசி அடி மட்டும் இரட்டையாக விழும். அது கிடக்கட்டும் என்று வாங்கிவிட்டாள்.

அவள் ஊருக்கும் டவுனுக்கும் நடுவே ஒரு மலைச்சுரங்கம். விளக்கு கிடையாது. ஒரு வண்டி போகத்தான் அகலம். அங்கங்கே பாறையைக் குடைந்து ஒதுங்குமிடம் விட்டிருக்கிறார்கள். எதிரே வெளிச்சம் தெரிந்தால், டவுனுக்குப் போகிறவர் அதில் ஒதுங்கி நிற்க வேண்டும். டவுனிலிருந்து வருகிறவர் நிற்காமல் போவார். எங்கள் பக்கத்தில் இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. வெளிச்சத்தைக் கண்டால் கை தானாகத் திரும்பும்.

முதல் நாள் காலை. வெளியே பளிச்சென்ற வெளிச்சம். உள்ளே கும்மிருட்டு. தூரத்தில் ஒற்றை ஹெட்லைட் தெரிந்தது. ரன்வா மூன்றாவது ஒதுங்குமிடத்தில் ஒதுங்கினாள். நின்றதும் இன்ஜின் தானாக அணைந்தது.

காத்திருந்தாள். அந்த வெளிச்சம் கிட்டே வரவே இல்லை. பிறகு, முகத்தில் காற்று அடித்தது. பெட்ரோல் வாசனை. வெளிச்சத்தைக் காணோம். எந்த வண்டியும் அவளைக் கடந்து போகவில்லை.

பட்டனைத் தொட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. எவனோ திரும்பிப் போயிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் எதிரே வெளிச்சமே இல்லை. அதே மூன்றாவது ஒதுங்குமிடம் வந்தது. இன்ஜின் அணைந்தது. ஹேண்டிலை அவள் திருப்பவில்லையாம். வண்டியே போய் ஓரத்தில் நின்றது. பட்டனை அமுக்கினாள். பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். ம்ஹூம்.

அப்போது கேட்டது.

டிக்… டிக்… டிக்டிக்.

குனிந்து தன் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள். அது செத்துக் கிடந்தது. அதன் சத்தம் மட்டும் எதிரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

தினமும் இதே கூத்து. சீக்கிரமே கிளம்பித் தொலையேன் என்று நான்கூடத் திட்டினேன். கிளம்பினாள். அன்று அந்தச் சத்தம் வந்து போகும்வரை வண்டி அரை மணி நேரம் அசையவில்லை. முதல் பஸ்ஸோ ஷிப்ட் தொடங்கிய பிறகுதான் வரும்.

"இன்னைக்கு என்ன கதை ரன்வா?" என்றாள் சூப்பர்வைசர் தூரி.

"வண்டி நின்னுடுச்சு."

"இன்னொரு நாள் லேட்டானா நீ வரவே வேண்டாம். எனக்கு மேலயும் ஆளு இருக்காங்க."

சாயங்காலமே ஹனுஸிடம் போனாள்.

"கார்புரேட்டர்ல அழுக்கா அண்ணே? சுரங்கத்துல நின்னுடுது. மூணாவது ஒதுங்குற இடத்துல."

ஹனுஸின் முகம் வெளுத்துப்போனது.

"நின்னா நிக்கட்டும்மா. கொஞ்சம் பொறுத்து வழி விடு."

"யாருக்கு?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை. பேயாவது பிசாசாவது, எனக்கு என் பிள்ளைதான் முக்கியம் என்று ரன்வா முடிவு கட்டிவிட்டாள். ஆறு இருபதுக்குச் சுரங்கத்துக்குள் நுழைந்தாள். டவுன் பக்கம் சரிவு. இன்ஜின் செத்தாலும் வண்டி உருளும் என்பது அவள் கணக்கு.

முதல் ஒதுங்குமிடம் போனது. இரண்டாவது போனது…

இன்ஜின் அணைந்தது.

ஹேண்டில் ஓரத்துக்கு இழுத்தது. திமிறும் ஆட்டைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் அழுத்தி நேராகப் பிடித்தாள். பிரேக்கைத் தொடவில்லை.

டிக்… டிக்… டிக்டிக்.

வெளிச்சம். இந்தத் தடவை பெரிதாகிக்கொண்டே வந்தது.

"மார்யுன்" என்றாளாம். வேறெதுவும் வாயில் வரவில்லை.

கண்ணை மூடினாள்.

குளிர்… எலும்புக்குள் இறங்கும் குளிர். காதோரம் ஒரு மூச்சு. பயந்துபோன ஒரு மனிதன் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்.

அவ்வளவுதான்.

இன்ஜின் தானாகவே பிடித்துக்கொண்டது. ஆலைக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தாள். தூரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டாள். ரன்வாவின் விரல்கள் மட்டும் ஹேண்டிலைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தன. நான்தான் ஒவ்வொன்றாகத் தேய்த்து நீட்டிவிட்டேன். வேலை தப்பித்தது என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

காபி இடைவேளையில் ஹனுஸ் வந்தார். ஆலைப் பக்கமே வராத மனிதர். நின்றபடியே பேசினார்.

"அந்த இன்ஜின் என் தம்பி மாக்னியோட வண்டியில இருந்தது."

மாக்னியின் விபத்து எங்கள் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் டவுனிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். எதிரே வந்த கார் ஒதுங்கவில்லை. அடிபட்டது சுரங்கத்தின் மூன்றாவது ஒதுங்குமிடத்தில் என்பதுதான் எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றிலிருந்து நினைவில்லாமல் டவுன் பராமரிப்பு இல்லத்தில் கிடக்கிறான்.

"அப்ப அவரு உயிரோடதான இருக்காரு" என்றாள் ரன்வா. அவள் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. உயிரோடிருப்பவன் எப்படிப் பேயாக வருவான்?

"இன்னைக்குக் காலைல வரைக்கும் இருந்தான்" என்றார் ஹனுஸ். "ஆறு இருபத்தஞ்சு இருக்கும், ஷிப்ட் மாறுற நேரமாம். நர்ஸ் பக்கத்துலயே நின்னுருக்கா. ரெண்டு கையையும் முகத்துக்கு நேரா தூக்கினானாம். மூச்ச உள்ள இழுத்தானாம். அதோட போயிட்டான். இத்தனை வருஷத்துல ஒரு விரலை அசைச்சதில்ல அவன்."



அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. மடங்கிக் கிடந்த ரன்வாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"இன்னைக்கு நீ ஒதுங்கலியாம்மா?"