உள்ளே இரண்டு விரல் துணி

எங்கள் அக்காவுக்குத் தாராளக் கை. மாமாவின் தையல்கடையில் அவள்தான் துணி வெட்டுவாள், நான் காஜா எடுப்பேன். சட்டையோ பாவாடையோ, தையலுக்கு உள்பக்கம் இரண்டு விரல் துணி விட்டுத்தான் வெட்டுவாள். உடம்பு ஏறினால் பிரித்துத் தைத்துக்கொள்ளட்டும் என்பாள். அரை விரல் போதும் என்பார் மாமா. துணி கடையுடையது, அதனால் ஒவ்வொரு விரலுக்கும் அவருக்கு வயிறு எரியும்.

மாமா மகள் இங்கிலீஷ் டீச்சர். ஒருநாள் கடையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"பிராடிகல்னா வீட்டுக்குத் திரும்பி வந்தவன்னு பாதிப் பேர் எழுதியிருக்காங்கப்பா. ஊதாரின்னு அர்த்தம்."

"நம்ம கடையிலயே ஒண்ணு இருக்கே," என்றார் மாமா.

"தாராளமா அள்ளிக் கொடுக்கிறவங்களையும் சொல்லலாம்."

"அந்த அர்த்தம் நம்ம கடைக்கு வேண்டாம்."

அன்றிலிருந்து அக்காவுக்குப் பேரே பிராடிகல். இங்கிலீஷில் திட்டுவதில் மாமாவுக்கு ஒரு பெருமை.

மகள் கல்யாணத்துக்கு அவர் கோட் தைத்துக்கொண்டார். அக்கா அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். வருகிறவர்களையெல்லாம் மூச்சை விடச் சொல்கிற மனிதர்!

"இதுலயாவது அரை விரல் மட்டும் விடு. இல்லன்னா கல்யாணம் முடிஞ்சதும் வேற ஆள் வெட்டட்டும்," என்றார்.

சொன்னால் செய்துவிடுவார். துணி வெட்டுகிற அந்த மேசையை விட்டால் அக்காவுக்கு வேறு உலகம் கிடையாது.

கல்யாணத்தன்று காலை கோட்டின் பொத்தான் காஜாவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாமா எக்கினார், திரும்பினார், மறுபடி எக்கினார். முகம் செத்துப்போயிற்று.

"எம்பொண்ணு பக்கத்துல எப்படி நிப்பேன்?"

கந்தலுக்கும் கணக்குப் பார்க்கிறவர் கண் கலங்கியதும் எனக்கே பாவமாகிவிட்டது.

அக்கா கோட்டை வாங்கி, பிளேடால் தையலைப் பிரித்தாள். உள்ளே முழுசாக இரண்டு விரல் துணி மடங்கிக் கிடந்தது. சொன்ன பேச்சைக் கேட்டால் அவள் என் அக்காவே இல்லை. ஒரு விரல் தளர்த்தித் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். பொத்தான் சுகமாக ஏறியது. சந்தோஷத்தில் எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

மாமா கண்ணாடியைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார், "சாப்பிட்டா தாங்குமா?"

"நல்லா சாப்பிடுங்க மாமா. உள்ள இன்னும் ஒரு விரல் இருக்கு."

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"பிராடிகல், நாளன்னிக்கு நேரத்தோட வந்துடு. உன் மேசையில வேலை குவிஞ்சு கிடக்கு."

அதற்கப்புறம்தான் முழு மூச்சையும் விட்டார்.