மூன்றாவது தரம் கூப்பிட்டது

நைனா முப்பது வருஷத்துக்கு மேல் நீதிபதியாக இருந்தவர். பள்ளிப்பட்டில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. முன்சீப்பாக ஆரம்பித்து மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெறும் வரை, ஊர் ஊராக எங்களை மூட்டை கட்ட வைத்தார். எந்த ஊரிலும் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகமாட்டார், யார் கொடுத்த காபியையும் குடிக்கமாட்டார். நாளைக்கே அவர்கள் வழக்கோடு வந்து நின்றால்? அம்மா இதற்காகச் சண்டை போட்டே ஓய்ந்து போனாள். அம்மா இறந்த பிறகு திருத்தணியில், மலைக்குப் போகும் சாலையோரத்து மாடி வீட்டில் அவரும் நானும் மட்டும்தான்.

போன வருஷம் மறதி வந்தது. முதலில் கண்ணாடியை வைத்த இடம், பிறகு ஊர், பிறகு நான். என்னை “ஏம்மா” என்றார். வாசலில் கீரை விற்பவளும் அவருக்கு “ஏம்மா”தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வழக்குக்கு வந்த கட்சிக்காரர்களையெல்லாம் நினைவு வைத்திருக்கிற மனிதருக்குப் பெற்ற பெண் மறந்து போவதா? ஒரே ஒரு தரம் என்னை அடையாளம் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன்.

காலை பத்தரைக்கு அவருக்குக் கோர்ட் தொடங்கிவிடும். வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பெயரைச் சொல்லி, “கூப்பிடு” என்பார். நான்தான் டவாலி. கோர்ட் வாசலில் நின்று கட்சிக்காரர்களைக் கூவி அழைக்கும் சேவகன் வேலை. மாடிப்படியின் தலைப்பில் நின்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாவதற்கும் ஆள் வராவிட்டால் “ஆஜர் இல்லை” என்று கையை அசைப்பார். அத்தோடு வழக்கு முடிந்தது. அதன் பிறகுதான் வாயில் ஒரு கவளம் இறங்கும் என்பதால் நானும் கூவினேன். படிக்கட்டு பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். சில நாள் மூன்றாவது கூப்பாட்டுக்குப் பிறகு, கீழே யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

எதிர்வீட்டில் ஒரு வயதான வக்கீல், நைனா முன்னால் வழக்காடியவர். ஒருநாள் அந்தப் பெயர்களை அவரிடம் விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அவுங்கள்லாம் போய்ச் சேந்துட்டாங்கம்மா. ஒருத்தர்கூட இல்ல. ரெண்டு பேரு போன மாசந்தான் செத்தாங்க. ஐயாவுக்கு யாரு சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் படியேறி யாரும் வருவதே இல்லை.

மறுநாள் பத்தரைக்கு நைனா என் பெயரைச் சொன்னார். இன்னார் மகள் என்று, முழுசாக. “கூப்பிடு.”

“நான்தான் நைனா, இங்கதான் இருக்கேன்” என்றேன்.

“கூப்பிடறவங்க ஆஜர் சொல்லக் கூடாது. கூப்பிடு.”

முதல் தரம் கூப்பிட்டேன். இரண்டாவது தரம் அது வேறு யாருடைய பெயரோ போல ஒலித்தது. மூன்றாவது தொண்டையை விட்டு வரவில்லை. சொன்னால் கையை அசைத்துவிடுவார், அந்தப் பெயர்களோடு நானும் சேர்ந்துவிடுவேன். படித்தவள்தான், சிரிக்காதீர்கள். வேறு யாராவது கூப்பிட்டால்தானே நான் பதில் சொல்லலாம்? தடதடவென்று படியிறங்கித் தெருவுக்கு ஓடினேன்.

நல்ல வெயில். திருப்பதி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் மறைந்ததும் மேலேயிருந்து என் பெயர் வந்தது. கடைசி எழுத்தை இழுத்து, கணீரென்று, என் சின்ன வயதில் கேட்ட ஒரு டவாலியின் குரலில். அந்த ஆள் செத்து வெகு காலமாயிற்று. நைனாவின் தொண்டையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், மேலே வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

“ஆங், வந்துட்டேன்!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திக்கொண்டு மேலே ஏறினேன்.

நைனா என்னைப் பார்த்தார். பெயரைச் சொல்லி, “வந்துட்டியா கண்ணு” என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“தெனம் அங்க ஒரு பொம்பள நின்னுகினு, செத்தவங்களையே பேரு சொல்லிக் கூப்பிடறாம்மா. எனக்குப் பயமா இருக்குது. இனிமே அவ வந்தா உள்ள விடாத.”

“விடமாட்டேன் நைனா” என்றேன்.