ஸ்தோத்திரம் அக்காவின் ஜன்னல்

ஸ்தோத்திரம் அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. பதினோரு வருஷம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து அவரைப் பார்த்து வயிறெரிந்தவள் நான் ஒருத்திதான். அவரைப் பிடித்தவர்களைக் கேட்டால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பொறாமைப்பட்டவளைக் கேட்டால்தான் அவர் எத்தனை மணிக்கு வந்தார், யாரிடம் சிரித்தார், சாப்பாட்டு டப்பாவில் என்ன இருந்தது என்பதுவரை பிசகாமல் வரும்.

எங்கள் தையல் அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது. நோயாளிகளின் கவுன், ஆபரேஷன் தியேட்டர் கவுன், படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் அங்கேதான் பிறக்கும். கிழிந்தால் வைத்தியத்துக்கும் அங்கேதான் வரும். இரண்டு மிஷின்கள். ஒன்று ஜன்னலோரம். வெளிச்சம், காற்று, வாசலில் யார் வருகிறார் யார் போகிறார் என்ற வேடிக்கை எல்லாம் அதற்கு. இன்னொன்று சுவரைப் பார்த்தபடி. சுவருக்கு அந்தப் பக்கம் கொதிகலன், தலைக்கு மேலே கண்ணடித்துக்கொண்டே இருக்கும் டியூப் லைட். என்னுடையது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

என் வழக்கு என்னவென்றால், அந்த அறைக்கு முதலில் வந்தவள் நான். ஆறு மாசம் ஜன்னலோரத்தில் ராணி மாதிரி தைத்தேன். அப்புறம் வயதில் மூத்தவர், அனுபவம் உள்ளவர் என்று அவரைக் கொண்டுவந்து பொறுப்பாளராக்கினார்கள். பொறுப்பாளருக்கு ஜன்னல். என் நூல்கண்டுகளை நானே பொறுக்கிக்கொண்டு சுவருக்குப் போனேன். அவர் வந்ததும் வராததுமாக ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு, “ஸ்தோத்திரம்” என்றார். என் காதில் புகை வந்தது.

ஊசி உடைந்தால் ஸ்தோத்திரம், உடையாமல் இருந்தாலும் ஸ்தோத்திரம். மின்சாரம் போனால் கைக்கு ஓய்வு என்று ஸ்தோத்திரம், வந்தால் வேலை நடக்கும் என்று ஸ்தோத்திரம். சலவைக்காரர்தான் அந்தப் பெயரை வைத்தார். அக்கா அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டார். போதாததற்கு, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லச் சொல்லும் வசனம் போட்ட ஒரு காலண்டரைக் கொண்டுவந்து என் சுவரில் மாட்டினார். அவர் ஜன்னலைப் பார்ப்பார், நான் வசனத்தைப் பார்க்க வேண்டும். என்ன நியாயம் இது?

நாங்கள் இருவரும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா, யாராவது நன்றி சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டால் அக்கா முதல் ஆளாக எழுந்து நிற்பார். நான் விண்ணப்பத்துக்கு மட்டும் எழுவேன். எனக்குத் தேவைகள் இருந்தன. நன்றி சொல்லும் அளவுக்கு அவற்றில் எதுவும் முழுசாகக் கிடைத்த மாதிரி தெரியவில்லை.

அந்தச் சாப்பாட்டு டப்பாவைச் சொல்லாமல் விட முடியாது. அதை அவருடைய வீட்டுக்காரர் தினமும் கட்டிக் கொடுப்பார். பழத்தைக்கூட ஒரே அளவாக நறுக்கி வைத்திருப்பார். என் வீட்டுக்காரருக்கு உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றே தெரியாது. அக்காவின் வீட்டுக்காரர் கல்யாணமான இரண்டாம் வருஷமே கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்துதான் பழம் நறுக்குகிறார். வீடு அக்காவின் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அவர்களுக்குக் குழந்தையும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கண்ணுக்கு டப்பா மட்டும்தான் தெரிந்தது.

நான் உண்டாகியிருப்பதைச் சொன்ன அன்று அக்கா “ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். வர அரை மணி நேரமானது. இதற்குக்கூட ஒரு வார்த்தை அதிகம் செலவழிக்க மாட்டாரா என்று எனக்குக் கோபம். பின்னால் மீந்த துணியில் குழந்தைக்கு ஆறு சட்டை தைத்துக் கொடுத்தார். தையல் தெரியும் என்று என்னிடமே காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சட்டைகளை வாங்காமல் விடவில்லை, அது வேறு விஷயம்.

போன வருஷம் அவருடைய கண் மங்கத் தொடங்கியது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஊசியில் நூல் கோர்க்க என்னிடம் நீட்டுவார். கை நடுங்குகிறது என்பார். கையில் ஒரு நடுக்கமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் மனசுக்குள் ஜன்னல் மெல்லத் திறந்தது.

அந்தச் சமயத்தில்தான் முப்பத்தாறு தியேட்டர் கவுன் தைக்கச் சொல்லி வந்தது. அதில் முதுகுப்பக்கம் முடிச்சுப் போடும் நாடா துணியின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அக்கா உள்பக்கமாக வைத்து அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கவுனிலேயே பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் ஊசியைக் கவ்வியவள் மாதிரி சும்மா இருந்தேன். முப்பத்தாறு கவுனும் மடித்துக் கட்டிப் போயின. மறுநாளே மூட்டையாகத் திரும்பி வந்தன.

மேட்ரன் அம்மா சாயங்காலம் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இது யார் கை, எதனால் வந்தது என்று நாளை பதினோரு மணிக்குத் தனக்குச் சொல்ல வேண்டும், கண் சரியில்லாதவரை மிஷினில் வைக்க முடியாது, துணி மடிக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். மடிப்பவர்களுக்குப் பாதிச் சம்பளம். இரண்டு பேர் சாப்பிடும் வீட்டில் அது எத்தனை நாளைக்கு வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும்போது என் நடையே மாறியிருந்தது. என் வீட்டுக்காரர், என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் காலையில் அக்கா கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். பழகிப் பார்க்கலாமே என்று ஜன்னலோர மிஷினில் உட்கார்ந்தேன். நூல் சுற்றும் பாபின் தேடி இழுப்பறையைத் திறந்தால், உள்ளே கவுன் நாடாவால் கட்டிய பழைய நோட்டுப் புத்தகக் கட்டு ஒன்று. அடுத்தவர் நோட்டைப் படிக்கக் கூடாது என்று எனக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள். முடிச்சை அவிழ்த்தேன்.

நாளுக்கு ஒரு வரி. ‘தண்ணீர் வந்தது. ஸ்தோத்திரம்.’ ‘அவர் இன்று வலியில்லாமல் தூங்கினார். ஸ்தோத்திரம்.’ எனக்குச் சலிப்புத் தட்டியது. அப்புறம் ஒரு வரி: ‘தங்கச்சியின் வீட்டுக்காரர் மழையில் குடையோடு நடந்து வந்து கூட்டிப் போனார். பொறாமையாக இருக்கிறது. அவள் நனையவில்லை. ஸ்தோத்திரம்.’ தங்கச்சி என்றால் நான். அந்தக் குடைக்கு ஒரு கம்பி உடைந்திருந்தது. வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே போனது எனக்கு நினைவிருந்தது.

நான் கர்ப்பமாக இருந்த வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தேன். ‘தங்கச்சிக்குக் குழந்தை உண்டாகியிருக்கிறது’ என்று ஒரு வரி. அதன் கீழே ‘ஸ்தோ’ என்று எழுதி அடித்திருந்தது. மறுபடி ‘ஸ்தோத்’ என்று எழுதி அதையும் அடித்திருந்தது. மூன்றாம் தடவை முழுசாக எழுதியிருந்தார். பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்திருந்தது. மறுநாள் பக்கத்தில்: ‘நேற்று பொய்யாக எழுதினேன் ஆண்டவரே. இன்று மறுபடி எழுதுகிறேன். தங்கச்சிக்குக் குழந்தை. ஸ்தோத்திரம்.’ அதற்கடுத்த நாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும். தையல் பழகுகிறவள் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப அடிப்பாளே, அப்படி. எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பதாம் நாள்தான் எழுத்து நேராக வந்திருந்தது. இருபதாம் நாள்: ‘ஒரு சட்டை வெட்டினேன்.’

எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். முதலில் வந்தது ஆத்திரம்தான். பொறாமைப்படுவது ஒன்றுதான் என் சொந்தச் சொத்து என்று இருந்தேன். அதிலும் இந்த மனுஷி எனக்கு முந்திக்கொண்டுவிட்டார். என் பொறாமை ஜன்னலுக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும். அவருடையது, பக்கத்தில் உட்கார்ந்து நான் சுமந்துகொண்டிருந்த பிள்ளைக்கு. அதை வைத்துக்கொண்டு ஆறு சட்டை தைத்திருக்கிறார்.

நோட்டைக் கட்டி வைத்து இழுப்பறையை மூடும்போது மேட்ரன் அம்மா வாசலில் நின்றார். “யார் தைச்சது?” என்று கேட்டார்.

“அக்காதான் தைச்சாங்க. கண்ணு மங்குது. மூணாவது கவுன்லயே நான் பாத்துட்டேன்மா. வேணும்னேதான் சொல்லல.”

மேட்ரன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். யாரும் கேட்காமலே இதை யாராவது ஒப்புக்கொள்வார்களா என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“நாடா வேலைய இனிமே நான் பாத்துக்கறேன்,” என்றேன். “நேர்த்தையல் அவங்க அடிப்பாங்க. வெளிச்சம் இருந்தா போதும். ஜன்னல்கிட்டயே இருக்கட்டும்மா.”

சொன்னது என் வாய்தான். அந்தக் கடைசி வாக்கியத்தில் என் வயிறு பழையபடி எரிந்தது. மேட்ரன் அம்மா, முப்பத்தாறையும் நாளைக்குள் பிரித்துத் தைத்து அனுப்ப வேண்டும், மூன்று மாசம் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா மத்தியானம் வந்தார். ஒரு கண்ணில் கட்டு. நான் கவுன் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். நாடா எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். நடந்ததைச் சொன்னேன், மூன்றாவது கவுன் உள்பட. அக்கா போய் உட்கார்ந்து இழுப்பறையைத் திறந்தார். நான் போட்டிருந்த முடிச்சு வேறு முடிச்சு.

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“கிழிஞ்ச பக்கமும்?”

“அதுவும்தான்.”

அக்கா கட்டு இல்லாத கண்ணால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “இப்பவும் சில நாள் எழுத வரமாட்டேங்குது,” என்றார். அப்புறம் ஊசியை என் பக்கம் நீட்டினார். “கண்ணு தெரியல. கோத்துக் குடு.”

கை நடுங்குகிறது என்று சொல்லவில்லை. நான் கோர்த்துக் கொடுத்தேன். அவர் ஸ்தோத்திரம் சொன்னார். என் காதில் புகை வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் வந்தது.

சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் டியூப் லைட்டுக்குக் கீழே, கொதிகலன் சூட்டில், காலண்டரைப் பார்த்தபடி என் முதல் வரியை எழுதினேன். ‘அக்காவுக்கு ஜன்னல். ஸ்தோத்திரம்.’ நோட்டில் எழுதவில்லை. கவுன் வெட்ட வைத்திருக்கும் அளவு அட்டையின் பின்பக்கம்தான் எழுதினேன். நான் அழுத்திய அழுத்தத்துக்குத் தாள் தாங்கியிருக்காது.