நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்குக் கரி லாரியில் என் முதல் நடை

மாசி மாதம் என் காளைச் சோடியைச் சந்தையில் விற்றேன். எட்டாம் நாள் காலை ஐந்து மணிக்கு லாரியில் ஏறி உட்கார்ந்தேன். வயது நாற்பத்து நான்கு. இருபத்தாறு வருடம் மாட்டு வண்டியில் பாரம் அடித்தவன். "இந்த வயசுல எதுக்கு இந்தக் கூத்து?" என்று கேட்காதவர் எங்கள் தெருவில் இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கட்டும். வாடகையெல்லாம் லாரிப் பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கம் நாமும் போவதில் என்ன வெட்கம்? என்னைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் வண்டிக்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மூன்று மாதம் முதலாளியின் கொட்டகையில் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தேன். ஆனாலும் அவர் முழுசாக நம்பவில்லை. "ஒரு நடை பெங்களூர் போயிட்டு வாங்க. லாரியும் சரக்கும் நல்லபடியா வந்தா வேலை உங்களுது. இல்லீன்னா அப்புறம் என்னைய ஒண்ணும் கேக்கப்படாது" என்றார். கூடவே பிட்டர் காதர் பாயை அனுப்பினார். சேலத்துக்காரர், முப்பது வயது. லாரி பழுதானால் பார்ப்பது அவர் வேலையில் பாதி; நான் எப்படி ஓட்டினேன் என்று முதலாளியிடம் சொல்வது மீதிப் பாதி. மாடுகள் போயாகிவிட்டன. இந்த வேலையும் போனால் மூட்டை தூக்கத்தான் போகவேண்டும்.

யுத்தத்தால் பெட்ரோல் கூப்பன் கிடைப்பதில்லை. லாரிக்குப் பின்னால் ஒரு உயரமான இரும்பு அடுப்பு; அதில் கரி எரிந்து வரும் புகைதான் எஞ்சினை ஓட்டுகிறது. கிளம்புவதற்கு அரை மணி முன்பே மூட்டம் போட்டு, கையால் காற்றாடி சுற்றவேண்டும். ஒரு மூட்டை கரிக்கு முப்பது மைல் ஓடும். நாமக்கல்லிலிருந்து பெங்களூர் நூற்றறுபது மைல். ஆறு மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், குறைக்காதீர்கள்.

ஐம்பது மூட்டை நிலக்கடலையோடு சேலம் வந்தபோது மணி எட்டு. முப்பத்து மூன்று மைலுக்கு மூன்று மணி நேரம். மாட்டு வண்டியில் இதே தூரம் எனக்கு ஒன்றரை நாள். சூரமங்கலத்தில் இரண்டு அணாவுக்கு இட்லி, காப்பி. அதற்கு முன்பே, வழியில் மல்லூர் பக்கம் ஒரு சின்ன மேட்டில் லாரி முனகியபோது, என்னையறியாமல் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். மேடு வந்தால் பாரம் குறைக்க இறங்கி நடப்பதுதானே நம் பழக்கம். காதர் பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நீங்க எறங்கிட்டா இத யாருண்ணா ஓட்டுறது?" என்று சேலம் வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அது சிரிப்போடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை. பதினொரு மணிக்குத் தொப்பூர் கணவாய் அடிவாரம் வந்தோம். எதிரே செங்குத்தாக மலைச் சாலை. ஏற்றத்துக்கு முன்னால் மாட்டை மூச்சு வாங்க விடாமல் எந்த வண்டிக்காரனும் ஏற்றமாட்டான். நானும் லாரியை நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். காதர் பாய் ஓடைக்குத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தார். அரை மணி நேரம் லாரி நன்றாக இளைப்பாறியது என்று எனக்கு ஒரே திருப்தி. எஞ்சின் இழுத்தால்தான் அடுப்பு கனியும், நின்றால் அவிந்துபோகும் என்பதை மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். கேட்டு என்ன பயன்? பழகிய புத்தி முந்திக்கொண்டது.

பாதி ஏற்றத்தில் இழுவை தளர்ந்தது. மாடு முட்டி போடப்போவது கயிற்றைப் பிடித்த கைக்கு முன்கூட்டியே தெரியும். அப்படித்தான் இதுவும் தெரிந்தது. "பாய், குதிச்சுக் கட்டையப் போடுங்க" என்றேன். லாரி நிற்பதற்கும் பின் சக்கரத்தில் அவர் கட்டை போடுவதற்கும் சரியாக இருந்தது. பின்னால் நூறடிப் பள்ளம்.

தருமபுரிப் பக்கத்து மாட்டு வண்டிகள் நான்கு வெறும் வண்டிகளாக மேலே வந்துகொண்டிருந்தன. முதல் வண்டிக்காரர் என் வயதுதான் இருப்பார். "லாரி வந்ததுல எங்க பொழப்பே பாதியாப் போச்சு. இப்ப உங்கள நாங்க ஏத்தி விடணுமா?" என்றார். நியாயமான கேள்வி.

"எட்டு நாள் முன்னால வரைக்கும் நானும் வண்டிக்காரந்தானுங்க" என்றேன்.

"மாடு என்ன ஆச்சு?"

"வித்துட்டேனுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "மலையில நிக்கிறவனத் தாண்டிப் போற வழக்கம் எங்களுக்கு இல்ல. மூட்டைய எறக்குங்க" என்றார். இருபது மூட்டைகள் அவர்கள் வண்டிகளில் ஏறின. நாங்கள் சாம்பலைக் கிளறிக் கொட்டி, புதுக் கரி போட்டு மூட்டினோம். இரண்டாவது முறை ஒரே மூச்சில் ஏறியது. ஒன்றே கால் மணிக்கு உச்சி. வண்டிகள் வந்ததும் மூட்டைகளைத் திரும்ப லாரியில் ஏற்றிக்கொண்டோம். கூலி கொடுத்தேன், வாங்கவில்லை. "லாரி ஓட்டப் பழக எத்தன மாசம் ஆகும்?" என்று மட்டும் மெல்லக் கேட்டார். மூன்று மாதம் என்றேன்.

இரவு கிருஷ்ணகிரியில் தங்கல், நாலணா. மறுநாள் நண்பகல் பெங்களூர். திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தை முதல் கியரிலேயே இறங்கினேன். நீங்களும் அப்படியே இறங்குங்கள். அடிவாரத்தில் எஞ்சினை அணைக்காதீர்கள். பசி, தாகம் எல்லாம் உங்களுக்குத்தான், லாரிக்கு இல்லை. ஆனால் வண்டி ஓட்டிய கையை வீட்டில் வைத்துவிட்டும் போகாதீர்கள்.

நாலாம் நாள் நாமக்கல். முதலாளி கேட்பதற்கு முன் நானே சொன்னேன்: "நடு மலையில நின்னுபோச்சுங்க. தப்பு என்னுதுதான்." அவர் முகம் மாறியது. சாவிக்காகக் கையை நீட்டினார். சாவியை எடுத்தேன்.

காதர் பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நின்னது நெசந்தாங்க. ஆனா அம்பது மூட்டையோட ஒரு சாண்கூடப் பின்னால போகல. அடுத்த நடையும் நான் இவர்கூடத்தான் போவேன்."

முதலாளி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.