என்னிடம் இல்லாத மாதங்கள்

தொலைபேசி நிலையத்தில் என் முன்னால் ஒரு சிறு விளக்கு எரிந்தது. யாரோ இணைப்புக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். எப்போதும்போலக் கம்பியைச் செருகி எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் ஒரு ஆண் குரல் விழுப்புரத்து எண் ஒன்றைச் சொன்னது. எண் காதில் நன்றாக விழுந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மறுபடி சொன்னார். பிறகு கோபமாகச் சொன்னார். என் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. பக்கத்து நாற்காலியில் இருந்த பிலோமினா எட்டி அந்த இணைப்பைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

அது எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். நான் அப்போது கர்ப்பமாக இருந்தேன். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தங்கிய கரு. அதனால் எல்லோரும் அதை மசக்கை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். என் கணவர் மாணிக்கம் மில்லில் ஃபிட்டராக இருந்தார். விடியும் முன்பே எனக்கு விழிப்பு வந்துவிடும். மில் சங்கு ஊதும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும், முடியாது. தலை வாருவது, குளிப்பது, அடுப்புப் பற்றவைப்பது எல்லாமே மலையேறுவது போல இருந்தது. சோற்றை வாயில் வைத்தால் ஈரத் துணியை மெல்லுவது போல இருக்கும்.

இதே நிலையில் இருப்பவர்கள் இதைப் படிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் துக்கமாக இல்லை. துக்கம் என்றால் அழுதிருப்பேன். தவளக்குப்பத்தில் இருந்த என் அப்பா அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். சாவு வீட்டில் எல்லோரும் அழுதபோது நான் ஓரமாக நின்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். தைரியசாலி என்றார்கள். உள்ளே எதுவும் அசையவில்லை, அவ்வளவுதான்.

மாணிக்கத்தின் அக்கா ரஞ்சிதம் அண்ணி உப்பளத்தில் இருந்தார். நான் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டு வந்து எங்களோடு தங்கிக்கொண்டார். கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் கூட்டிப்போனார். மந்திரித்த கயிறு கட்டினார். மீன் குழம்பு வைத்துக் குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்டினார். வாயில் வாங்கியதை முழுங்க மறந்து அப்படியே உட்கார்ந்திருப்பேன். வேலைக்குப் போவதும் நின்றது.

பிரசவ ஆஸ்பத்திரியில் என் எடையைப் பார்த்த டாக்டர், கர்ப்பம் ஏற ஏற எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றார். குழந்தையும் வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை. அவர்தான் எங்களை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். "அது பைத்தியத்துக்குப் பாக்கற எடமாச்சே" என்று அண்ணி முணுமுணுத்தது காதில் விழுந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மனநல மருத்துவர் ஐம்பதை ஒட்டிய வயதுள்ள ஒரு பெண்மணி. நாங்கள் டாக்டரம்மா என்றே அழைத்தோம். நிறையக் கேட்டார். எப்போது விழிப்பு வருகிறது, கடைசியாக எப்போது பசித்தது, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? கடைசிக் கேள்விக்கு நான் ஆமாம் என்று தலையசைத்தேன். மாணிக்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அதுவரை தெரியாது.

எனக்கு வந்திருப்பது கடுமையான மனச்சோர்வு நோய் (வெறும் கவலை அல்ல, பசி, தூக்கம், யோசனை எல்லாவற்றையும் முடக்கிப்போடும் நோய்) என்றார் டாக்டரம்மா. வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பாதி வாந்தியில் போனது. மீதி உடம்பில் சேர்ந்ததும் எழுந்து நின்றாலே தலைசுற்றியது. ஒருநாள் குளியலறையில் விழுந்துவிட்டேன். வயிற்றில் அடிபடவில்லை என்று உறுதியான பிறகு, டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அந்த மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், வயிற்றுக் குழந்தையை அவை என்ன செய்யும் என்பதும் தனக்கு முழுதாகத் தெரியாது, காத்திருக்க நேரமில்லை என்றார்.

பிறகுதான் மின் அதிர்வு சிகிச்சையைப் பற்றிச் சொன்னார் (தூங்கவைத்துவிட்டு, தலையின் பக்கவாட்டில் சில நொடிகள் சிறிதளவு மின்சாரம் செலுத்தி, மூளையில் ஒரு வலிப்பை உண்டாக்கும் முறை). ஊரில் ஷாக் வைப்பது என்பார்கள். மாணிக்கம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"மில்லுல ஒருத்தனுக்குக் கரண்டு அடிச்சத நான் பாத்துருக்கேன் டாக்டர். தூக்கிப் போட்டுச்சு. அப்பறம் அவன் எழுந்துருக்கவே இல்ல. அதயா இவளுக்குக் குடுக்கப் போறீங்க?"

டாக்டரம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. தானும் எழுந்து நின்றார்.

"அது நெஞ்சு வழியா ஓடுன கரண்டு. இது அளந்து குடுக்கறது, தலைக்கு மட்டும். கொழந்தைக்கு ஒரு ஆபத்தும் இல்லன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இவங்க இப்பிடியே பட்டினி கெடந்தா ரெண்டு பேரையும் இழந்துருவோம். அது எனக்கு நல்லாத் தெரியுது."

அவரைச் சிகிச்சை அறைக்கு அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறார். மாணிக்கம் ஃபிட்டர் அல்லவா, மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டியின் முள்ளைப் பற்றியும் திருகுகளைப் பற்றியும் கேட்டுத் தீர்த்தாராம். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் கிடைத்தது என்று பின்னாளில் சொன்னார்.

என்னிடம் கேட்டபோது உடனே சரி என்றேன். அந்தச் சரியை டாக்டரம்மா எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எதுக்கு ஒத்துக்கறீங்க சரசு?"

"அதுல செத்துருவேன்ல."

அவர் முகம் மாறவில்லை. "சாகறதுக்கு ஒத்துக்கறீங்க. நான் கேக்கறது பொழைக்கறதுக்கு. அதுக்கு இப்ப உங்களால பதில் சொல்ல முடியல. பரவால்ல, அது நோயோட பதில். உங்க வீட்டுக்காரருகிட்ட கேக்கறேன். தெளிஞ்ச பொறவு உங்ககிட்ட மறுபடி கேப்பேன். அப்ப வேணாம்னா நிறுத்திடுவேன்."

என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அன்று அது எனக்குப் புரியவில்லை.

அண்ணி கையெழுத்துப் போட வேண்டாம் என்று தம்பியிடம் அழுதார். பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்றார். கோபித்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். மாணிக்கம் கையெழுத்துப் போட்டார்.

சிகிச்சை காலையில், வெறும் வயிற்றில். தள்ளுகட்டிலில் கொண்டுபோவார்கள். கையில் ஒரு ஊசி. இதைச் சொல்லியாக வேண்டும், மாத்திரை இல்லாத சிகிச்சை என்றாலும் அதில் மருந்தே இல்லை என்று அர்த்தமில்லை. மயக்க மருந்தும், தசையைத் தளர்த்தும் மருந்தும் (வலிப்பில் உடம்பு தூக்கிப் போடாமல் இருக்க) கொடுப்பார்கள். பல் கடிபடாமல் ரப்பர்த் துண்டு ஒன்று. நெற்றிப்பொட்டில் ஏதோ பசையின் குளிர்ச்சி. அத்தோடு சரி. வலி எதுவும் எனக்கு நினைவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரும் கூட நின்று, முன்னும் பின்னும் வயிற்றில் மரக்குழல் வைத்துக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்பாராம். துடிப்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாசலில் நிற்கும் மாணிக்கம் உட்காருவார்.

விழிக்கும்போது தலை கனக்கும். தாடை வலிக்கும். எந்த ஊர், என்ன கிழமை என்று கொஞ்ச நேரம் தெரியாது. வார்டு நர்ஸ் என் பெயரைச் சொல்லிச் சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுப்பார்.

நான் நலமாகத் தொடங்கிய நாள் எனக்கு நினைவில்லை. இதை எழுதும்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அவர்கள் சொல்லித்தான் தெரியும். சில சிகிச்சைகள் முடிந்திருந்தன. கோபம் தணிந்து அண்ணியும் திரும்பி வந்திருந்தார். ஒரு காலை, பக்கத்துக் கட்டில் அம்மாள் ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாராம். அதைப் பார்த்து, "பசிக்குது" என்றேனாம். மாணிக்கம் ஓடிப்போய் நீள ரொட்டி ஒன்று வாங்கிவந்தார். கடையில் காகிதம் சுற்றக்கூட நிற்கவில்லை. நான் பாதி ரொட்டியைத் தின்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அண்ணி தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா சொன்னபடியே மறுபடி கேட்டார். இந்தக் கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. "இன்னும் கொஞ்சம் குடுக்கணும். வேணுமா, வேணாமா? இப்ப நீங்களே சொல்லுங்க." வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். "கொழந்தையப் பாக்கணும்" என்றேன்.

ஆனால் இந்தச் சிகிச்சை கையோடு கொஞ்சம் எடுத்துக்கொண்டும் போகும். முன்பே சொல்லியிருந்தார்கள், ஞாபகம் கொஞ்சம் கலையும் என்று. ஒரு மத்தியானம் மாணிக்கத்திடம், "ஏங்க, இத்தினி நாளா இங்க கெடக்கறேன், அப்பா ஏன் பாக்க வரல?" என்று கேட்டேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். அண்ணிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அப்பா போயிட்டாரும்மா. கோடையிலயே போயிட்டாரு. நீதான் எல்லாருக்கும் தண்ணி மொண்டு குடுத்த."

எனக்கு அது புதுச் செய்தி. அன்றுதான் அப்பா எனக்கு இறந்தார். நான் வாய்விட்டு அழுதேன். வார்டே திரும்பிப் பார்க்க அழுதேன். அவர் சைக்கிளில் நுங்கு கட்டிக்கொண்டு வருவதைச் சொல்லிச் சொல்லி அழுதேன். அண்ணி பயந்துபோய் டாக்டரம்மாவை அழைத்துவந்தார். அவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, அழ விடுங்கள் என்றார். இத்தனை மாதத்தில் அழக்கூட முடியாமல் கிடந்தவள் இப்போது அழுகிறாள், இது நோய் இல்லை, துக்கம் என்று சொன்னாராம்.

பின்னர் அந்தச் சாவு வீட்டின் ஞாபகம் துண்டு துண்டாகத் திரும்பியது. பாடை, சங்கு, என் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு. எது முன், எது பின் என்று மட்டும் இன்றுவரை சரியாக அடுக்க முடியவில்லை.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து, நாள் நிறைந்து, பெண் குழந்தை பிறந்தது. சிறிய குழந்தைதான், ஆனால் அழுகை வார்டுக்கு வெளியே கேட்டது. அண்ணி அவளைத் துணியிலிருந்து பிரித்து விரல், கால், முதுகு, கண் எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்து முடித்து மறுபடி துணியில் சுற்றினார். அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையை அதன்பிறகு வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்தார். நான் கும்பிட்டேன். கையை இறக்கிவிட்டு, பால் நன்றாக வருகிறதா என்று கேட்டார்.

வேலைக்குத் திரும்பியபோது, மனப்பாடமாக இருந்த எண்கள் பல என்னிடம் இல்லை. அடிக்கடி அழைக்கும் ஒருவர் என் குரலைக் கேட்டு நலம் விசாரித்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. புதிதாகச் சேர்ந்தவள் போலக் கற்றுக்கொண்டேன். பிலோமினா கேலி செய்யாமல் சொல்லிக்கொடுத்தாள். அந்த இழப்பை நான் சிறிதாக்க விரும்பவில்லை. உயிரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்கு அது கட்டுபடியானது. உங்களுக்கு எப்படியோ, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தூங்கவைத்துத்தான் கொடுப்பார்களா, கூட யார் இருப்பார்கள், ஞாபகம் என்ன ஆகும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்லாதவர் என்றால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.

சில வருஷம் கழித்து நோய் ஒருமுறை எட்டிப் பார்த்தது. விடியும் முன் விழிப்பு, வாயில் அதே ஈரத் துணி. இந்த முறை நானே மாணிக்கத்தை எழுப்பிச் சொன்னேன், இருவரும் அந்த வாரமே போனோம். வயிற்றில் பிள்ளை இல்லாததால் மாத்திரை கொடுக்க முடிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. நோய் வந்தால் போக இடம் இருக்கிறது என்பதே பாதிப் பயத்தைக் குறைத்தது.

இப்போது என் மகளுக்குப் பத்து வயது நெருங்குகிறது. பள்ளியில் பிரெஞ்சும் படிக்கிறாள், வீட்டில் எங்களைத் திருத்துகிறாள். சமீபத்தில் ஒருநாள், நான் வயித்துல இருக்கும்போது உனக்கு எப்பிடி இருந்துச்சும்மா என்று கேட்டாள். நான் கொஞ்ச நேரம் தேடிப்பார்த்தேன். அவள் முதன்முதலில் அசைந்தது எனக்கு ஞாபகமில்லை. வயிறு பெரிதானதும் ஞாபகமில்லை. அந்த மாதங்கள் என்னிடம் இல்லை.

முன்பெல்லாம் என் உடம்பை நான் சொன்னபடி கேட்கும் ஒன்றாகவே நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. நான் சாக நினைத்துக் கிடந்த நாட்களிலும் அது தன் போக்கில் எலும்பும் தோலுமாக நின்று அவளுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் கைவிட்ட உடம்பு அவளைக் கைவிடவில்லை. குளிக்கும்போது சில நாள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, கூட வேலை செய்தவளுக்குச் சொல்வது போல, நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அவளிடம், அப்பாவைக் கேள் என்றேன். மாணிக்கம் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். "ஒரு நாளு ஒங்கம்மா வயித்துல கைய வெச்சேன். நீ ஒதச்ச. ஒங்கம்மா அசையாம கூரையப் பாத்துட்டுக் கெடந்தா. நான் ஒங்கிட்ட சொன்னேன், கொஞ்சம் பொறுத்துக்க, அம்மா வந்துருவான்னு."

இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. மகள் அவர் மடியில் சாய்ந்துகொண்டு அப்புறம் என்றாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.