வாடை இல்லை

எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். பஸ்ஸில் நாலு சீட் தள்ளி யாராவது பிரியாணிப் பொட்டலம் பிரித்தால் எந்தக் கடை என்று சொல்லிவிடுவேன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீரைச் சோதிக்கும் லேபில் பாதுகாப்புப் பொறுப்பு கிடைத்தபோது, அந்தக் கர்வமும் கூடவே வந்தது.

ஒரு மதியம் கழிவு அறையிலிருந்து கூமுட்டை வாடை வந்தது. தோல் ஷாப் தண்ணீரில் அமிலம் சேர்ந்தால் கிளம்பும் விஷவாயு. அமிலக் கேனைத் தவறாக மாற்றி ஊற்றிவிட்டேன் என்று சொன்ன கெமிஸ்ட் தம்பி, கழிவுத் தொட்டிக்கு மூடி போட உள்ளே போனான். வாயுவை அளக்கும் மீட்டரை ரிப்பேருக்கு அனுப்பியிருந்தோம். நியாயமாக அவனை நான் தடுத்திருக்க வேண்டும். மூக்குதான் இருக்கிறதே என்று வாசலில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் வாடை அடங்கியது. அப்பாடா என்றிருந்தது. வாடை இல்லை என்று அவனுக்குக் குரல் கொடுத்துவிட்டு, பதிவேட்டிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போது லேபைக் கூட்டிப் பெருக்கும் அக்கா வெளியிலிருந்து வந்தார். தாடிக்கொம்பிலிருந்து தினமும் எனக்கும் சேர்த்து மல்லிகை கொண்டுவருகிறவர். படியேறும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இம்புட்டு நாத்தத்துல எப்புடிம்மா நிக்கிறீங்க?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தலையிலிருந்த பூவை உருவி மூக்கருகே வைத்தேன். காலையில் அவர் கொடுத்த பூ, இன்னும் வாடவில்லை. அதில் வாசமே இல்லை. அந்த வாயு கூடினால் முதலில் மோப்பத்தைத்தான் கொல்லும் என்று வகுப்பெடுக்கிறவளே நான்தான்.

அவனை வெளியே வரச்சொல்லிக் கத்தினேன்.

"வாடை இல்லன்னு நீங்கதானக்கா சொன்னீங்க," என்றான் உள்ளிருந்து. தூக்கத்தில் பேசுகிறவன்போல நிதானமான குரல். பிறகு சத்தமே இல்லை.

அவனைத் தூக்க உள்ளே ஓடப்போன அக்காவைப் பிடித்து நிறுத்தினேன். வெறும் முகத்தோடு உள்ளே போனால் இரண்டு பேராகிவிடும். காற்று சிலிண்டரையும் முகமூடியையும் மாட்டும்வரை அந்த அறை அத்தனை அமைதியாக இருந்தது. அப்படி ஒரு பயத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. உள்ளே போய் அவனை இழுத்துவந்தேன்.

பிழைத்துக்கொண்டான். வேலைக்குத் திரும்பியபின் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறான், டீ வாங்கித் தருகிறான். கழிவு அறைக்குப் போகும்போது மட்டும், மீட்டர் கையில் இருந்தாலும், பெருக்குகிற அக்காவைக் கூப்பிட்டு வாடை வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறான்.

பக்கத்திலேயே நான் நிற்கிறேன். என்னிடம் கேட்பதில்லை.