செய்யாத திருட்டுக்கு மன்னிப்பு கேட்க மாட்டேன்

சகோதர சகோதரிகளே, கோர்ட்டில் நின்று "நான்தான் திருடினேன்" என்று என் வாயாலேயே சொன்னவள் நான். ஆனால் நான் திருடவே இல்லை.

எண்பத்து மூன்று கலவரம் முடிந்து இரண்டாம் வருஷம். எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு மூட்டை தேயிலைத் தூள் அகப்பட்டது. அது என் படங்கில் சுற்றியிருந்தது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற அந்தச் சாக்கை முதல் நாள் நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் காயப்போட்டிருந்தேன். யாரோ எடுத்துவிட்டார்கள். ஆறரை மணிக்கு நான் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடியதைக் கண்ணால் பார்த்ததாக வாட்சர் சொன்னார். போலீஸ் என்மேல் வழக்குப் போட்டது.

ஆறரைக்கு நான் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்றேன். பேர் எழுதிய கங்காணி முனியாண்டி அண்ணனுக்கே அது தெரியும்.

"தெரியும் தங்கச்சி. ஆனா வாட்சரு பேச்சத்தான் தொர கேப்பாரு. இதும் வெறகு கேஸ் மாதிரிதான். ஆமான்னு சொல்லிட்டு வந்துடு" என்றார்.

விறகு வெட்டி மாட்டினால் எங்கள் லயத்தில் யாரும் வழக்காட மாட்டோம். குற்றத்தை ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டி, மறுநாள் பெரட்டுக்கு வந்து நிற்போம். அதுவும் கலவரத்துக்குப் பிறகு போலீஸ், கோர்ட் என்றாலே எங்களுக்குப் பயம். மாத்தளைக் கோர்ட்டில் நானும் ஆமாம் என்றேன். பழைய குற்றம் ஏதும் உண்டா என்று பார்க்க நீதவான் தண்டனையை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்.

திரும்பி வந்தால் தோட்டத்தை நடத்தும் துரையின் உத்தரவு காத்திருந்தது. ஃபேக்டரித் திருட்டு விறகுத் திருட்டு இல்லையாம். தண்டனை விழுந்த அன்றே வேலை போகும், லயத்தில் நாங்கள் இருந்த காம்பிராவையும் காலிசெய்ய வேண்டும். நான் புருஷனை இழந்தவள். இரண்டு பெண்பிள்ளைகளோடு எங்கே போவேன்? இடிந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்குப் போனேன். "கோர்ட்லயே ஒத்துக்கிட்டீங்க, ஆண்டவர்கிட்டயும் மன்னிப்பு கேளுங்கம்மா" என்றார் போதகர். முழங்காலில் நின்றேன். கோபம்தான் வந்தது. செய்யாததற்கு நான் ஏன் மன்னிப்பு கேட்க வேண்டும்? "ஆண்டவரே, பொய் சொன்னதை மட்டும் மன்னியும். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் தாரும். என்னோடு சேர்ந்து சொல்ல ஒரே ஒரு ஆளையும் தாரும்" என்று அழுதேன்.

தண்டனைக்கு வைத்திருந்த தவணை நாளில் கூண்டில் ஏறியதும், "நான் முன்ன சொன்னத வாபஸ் வாங்குறேங்க ஐயா" என்றேன்.

என் தமிழைச் சிங்களத்தில் மொழிபெயர்க்கிறவர் பதறிப்போனார். "தண்டன கூடும் அம்மா, பேசாம இருங்க."

"நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. பயத்துல சொன்னேன். நான் திருடல. கங்காணியக் கூப்பிட்டுக் கேளுங்க."

நீதவான் வாபஸ் வாங்க அனுமதி கொடுத்து, வழக்கை விசாரிக்கச் சொன்னார்.

விசாரணை ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. தோட்டத்தில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. நான் ஒரு தவணையையும் விடவில்லை. கங்காணிக்கு அழைப்பாணை போனது. துரைக்குப் பயந்து மாற்றிச் சொல்லுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன், மறைக்க மாட்டேன்.

அவர் என் முகத்தையே பார்க்காமல் கூண்டில் ஏறினார். "ஆறரைக்கு அந்தப் பொம்பள என் முன்னால நின்னுச்சுங்க. ஆமான்னு சொல்லச் சொன்னதும் நான்தான். தப்பு என்னோடதுங்க" என்றார். அவர் என் சாமியைக் கும்பிடுகிறவர் இல்லை. ஆனாலும் நான் கேட்ட ஆளை ஆண்டவர் அவரில்தான் தந்தார்.

விடுதலையானேன். அன்றிலிருந்து விறகு வழக்கென்றாலும் செய்யாதவர்களை ஒத்துக்கொள்ள விடுவதில்லை. கூடவே கோர்ட்டுக்குப் போய் நிற்கிறேன். என்னை வாய்க்காரி என்கிறார்கள். சொல்லட்டும், அந்த வாய் ஜெபத்தில் கேட்டு வாங்கியது.

பயத்தில் ஒரு பொய்யை ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களே, தண்டனை வாசிக்கிறவரைக்கும் நேரம் இருக்கிறது. ஆண்டவரை நம்பி எழுந்து நில்லுங்கள். என்னைக் காலிசெய்யச் சொன்ன அதே காம்பிராவில் இருந்துதான் இன்று காலை புறப்பட்டு இங்கே வந்தேன்.